'2 மணி நேரம் மட்டும்' என்ற இடத்தில் நாள் முழுக்க காரை விடுவது தப்பா?

அமெரிக்காவில் ஆபீஸ் பக்கத்துத் தெருவில் இந்தப் பலகை இருக்கிறது, காலை எட்டிலிருந்து ஐந்து வரை காரை அங்கேயே விடுகிறேன், மாதம் ஒரு அபராதச் சீட்டு வந்தாலும் பார்க்கிங் கட்டடத்தின் மாதக் கட்டணத்தைவிட மலிவு என்கிறீர்கள்.

தப்புதான். 1935 ஜூலையில் ஓக்லஹோமா சிட்டியில் முதல் பார்க்கிங் மீட்டரை (காசு போட்டால் வண்டி நிற்கும் நேரத்தைக் கணக்கிடும் கருவி) வைத்ததே உங்களைப் போன்றவர்களால்தான் (கோபப்படாதீர்கள்): கடைத்தெருவில் வேலை பார்ப்பவர்கள் காலையிலேயே இடத்தைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை நகரவில்லை, சாமான் வாங்க வந்தவர்களுக்கு வண்டி நிறுத்த இடமில்லை. கட்டணம் மணிக்கு ஐந்து சென்ட்.

நீங்கள் ஒன்பது மணி நேரம் அடைத்து வைக்கும் இடத்தில் நாலைந்து பேர் வந்து போயிருக்கலாம், அதில் ஒருவர் மருந்துக்கடைக்கு வந்த, முழங்கால் வலிக்கிற பாட்டியாக இருக்கலாம். அபராதம்தான் கட்டுகிறேனே என்றால், அது நகராட்சிக்குப் போகிறது, பாட்டிக்கு இல்லை.

அப்புறம் டயர் விஷயம். கார் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க நகராட்சி ஆட்கள் டயரில் போடும் சாக்பீஸ் கோட்டை மதியம் இறங்கி வந்து துடைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிக் கோடு போடுவதே அரசியலமைப்புச் சட்டப்படி ஒரு 'சோதனை' (வீட்டைச் சோதனை போடுவது போல) என்று 2019-ல் மிச்சிகனின் சாகினா நகர வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது உண்மைதான். ஆனால் அது நகராட்சி உங்களை எப்படிப் பிடிக்கலாம் என்பது பற்றிய வழக்கு.

தெருவே காலியாகக் கிடக்கும் ராத்திரி ஷிப்ட் என்றால் எனக்கு இவ்வளவு உறுத்தாது. பகலில், பஸ்ஸும் இல்லாத ஊர் என்றால், சரி, பார்க்கிங் செலவில் பாதியையாவது தரச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள்.