குவாட்டர் கணக்கு

வணக்கம் சார்,

வாட்ஸ்அப்பில் ஒரு இந்திய வரைபடம் வந்தது. குடிக்கிற ஆண்கள் தெலங்கானாவில் 43 சதவீதம், தமிழ்நாட்டில் 25. அப்புறம் ஏன் நம் ஊரையே கரித்துக் கொட்டுகிறோம்? நான் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். சனிக்கிழமை சம்பளம் போட்டால் திங்கட்கிழமை பல மெஷின்களில் ஆள் இருக்காது. வரைபடத்தை நம்புவதா, மெஷினை நம்புவதா? நானும் சனிக்கிழமை மட்டும் ஒரு குவாட்டர் போடுகிறவன்தான். அதெல்லாம் மொடாக்குடியில் சேராதுதானே?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

மெஷினை நம்புங்கள்.

வரைபடத்தின் எண்களிலும் தப்பில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் வந்தவை. 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நாடு முழுக்க 19 சதவீதம் பேர் குடிக்கிறார்கள். முதலிடம் அருணாசலப் பிரதேசம், 53. அங்கே பெண்களிலும் 24 சதவீதம். மதுவிலக்கு உள்ள பிகாரில்கூட ஆண்களில் 15.5 சதவீதம். அதுவும் வாய்விட்டுச் சொன்னவர்கள் மட்டும்! ஆனால் இது எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்ற கணக்கு. ஒரு தடவை உட்கார்ந்தால் எவ்வளவு உள்ளே போகிறது என்பது அந்த வண்ணங்களில் இல்லை.

அருணாசலத்தில் அபோங் என்று அரிசியை வீட்டிலேயே புளிக்கவைத்துச் செய்கிறார்கள். பீர் மாதிரி லேசானது, விருந்தாளிக்குக் கொடுப்பது. தெலங்கானாவில் பிராந்தி விஸ்கிக்கும் குறைவில்லை, ஆனால் கள்ளும் சட்டப்படி இறக்குகிறார்கள். நம்மிடம் கள்ளுக்கு 1987 முதல் தடை. பீர் வாங்கினால் காசுக்குக் கேடு என்பது கூலிக்காரர் கணக்கு. மிச்சமிருப்பது குவாட்டர்.

பாட்டிலின் லேபிளைப் படித்திருக்கிறீர்களா? 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 77 மில்லி, எடையில் 60 கிராம். கள்ளில் 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அதே 60 கிராமுக்கு ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். வயிறே போதும் என்று சொல்லிவிடும்.

குவாட்டருக்கு அந்தத் தடங்கல் இல்லை. பகல் 12 மணிக்கு எங்கள் தெருமுனைக் கடையில் ஷட்டர் ஏறும்போது காத்திருப்பவர்களில் ஒரு பெயிண்டரைப் பார்த்திருக்கிறேன், கையில் சுண்ணாம்பு காயாமல். சுவரோரம் நின்றபடி பிளாஸ்டிக் டம்ளரில் பாதியை ஊற்றி, தண்ணீர் கலந்து, ஒரே மடக்கு. ஊறுகாயை நாக்கில் தொட்டுக்கொண்டு மறுபாதி. பத்து நிமிடம்கூட ஆகாது. வரைபடத்தில் அவரும் ஒரு ஆள், மாலை முழுக்க ஒரு குவளை அபோங்கோடு அடுப்படியில் உட்கார்ந்திருப்பவரும் ஒரு ஆள்.

சரி, உங்கள் கடைசிக் கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 30 நாளில் ஒருமுறையாவது ஒரே அமர்வில் 60 கிராம் ஆல்கஹால் குடித்தால் அது மிகுகுடி. நீங்கள் மாதம் நான்கு முறை அந்தக் கோட்டைத் தொடுகிறீர்கள். கட்டிங்கோடு, அதாவது பாதிக் குவாட்டரோடு, நிறுத்தினால் 30 கிராம். மீதிக் கட்டிங்கை யாரிடம் தள்ளுவது என்று மட்டும் எனக்கு எழுதிக் கேட்காதீர்கள்.