எடை அசையவில்லை, டம்பெலை விட்டுவிடவா?

கேள்வி: அக்கா, எனக்கு 43 வயது. சிங்கப்பூரில் வீடு செங்காங்கில், கணக்கு வேலை உபி வட்டாரத்தில். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) சொன்ன நாளிலிருந்து பொங்கோல் நீர்வழி ஓரமாகத் தினமும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கிறேன். சோற்றையும் குறைத்தேன். நான்கு மாதத்தில் 78 கிலோ 71 ஆனது. ஐந்து வாரமாக ஜிம்முக்கும் போகிறேன். 2 கிலோ டம்பெலை முப்பது முப்பது முறை தூக்குகிறேன். அன்றிலிருந்து எடை அசையவே இல்லை. “நடந்தால் தசை கரைந்துவிடும், நடையை விடு” என்கிறார் ஜிம்மில் ஒருவர். “எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவாய், அதை விடு” என்கிறார் மாமியார். எதை விடுவது? இரண்டையும் செய்தால் எதை முதலில் செய்வது? 14 வயது மகளும் கூட வருகிறேன் என்கிறாள், உயரம் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தங்கைக்கு, எதையும் விடாதீர்கள். நான் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பட்டவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் சாப்பாட்டைப் பாதியாக்கி, ஓடி ஓடியே 11 கிலோ குறைத்தேன். தீபாவளிக்கு முந்தைய வாரம் எங்கள் புளோக்கில் மின்தூக்கி பழுது. 10 கிலோ அரிசிப் பையுடன் நான்காவது மாடிக்கு ஏறப் போனவள், இரண்டாவது மாடிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பருமனாக இருந்த காலத்தில் அதே பையை நிற்காமல் தூக்கிப் போனவள் நான். குறைந்தது கொழுப்பு மட்டுமல்ல என்பது அந்தப் படியில்தான் புரிந்தது. தசைக்கு வேலை கொடுக்காமல் பட்டினியால் எடை இறக்கினால், இறங்குவதில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பல்லாத பகுதியிலிருந்து போய்விடும். நாற்பது வயதுக்கு மேல் அதைத் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு.

உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை உள்ளே இழுத்துக்கொள்வது தசைதான். சர்க்கரை எல்லையில் நிற்கும் ஒருவர் தொடைத் தசையை இழக்கவே கூடாது.

இப்போது எடை ஏன் நிற்கிறது? புதிதாக எடை தூக்கும் உடம்பு தசையில் கிளைகோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையைச் சேர்க்கும், ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரும் சேரும். வலிக்கும் தசையும் நீர் பிடிக்கும். கொழுப்பு குறைந்துகொண்டிருந்தாலும் எடைக்கருவிக்கு அது தெரியாது. தையல் டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதி வையுங்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் அளங்கள். இரண்டு மாதம் கழித்தும் இடுப்பும் எடையும் இரண்டுமே அசையாவிட்டால் கோளாறு சாப்பாட்டுத் தட்டில் இருக்கிறது, டம்பெலில் இல்லை.

நடந்தால் தசை கரையும் என்ற பேச்சின் வேர் பழையது. 1980இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், வலிமைப் பயிற்சி மட்டும் செய்தவர்களையும், அதோடு ஓட்டமும் சைக்கிளும் சேர்த்துச் செய்தவர்களையும் பத்து வாரம் ஒப்பிட்டார். சேர்த்துச் செய்தவர்களின் கால் வலிமை கடைசி வாரங்களில் இறங்கியது. ஆனால் அவர்கள் வாரத்தில் ஐந்து நாள் கடுமையாக எடை தூக்கி, ஆறு நாள் மூச்சு முட்ட ஓடியோ சைக்கிள் மிதித்தோ வந்தவர்கள். கணக்கு வேலையை முடித்து எம்ஆர்டி ரயிலில் வந்து முக்கால் மணி நேரம் நடக்கும் உங்களுக்கு அந்த எச்சரிக்கை பொருந்தாது. தைரியமாக நடங்கள்.

ஒரே நாளில் இரண்டும் என்றால் எடைதான் முதலில். களைத்த காலோடு ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்தால் முதுகு வளையும், தூக்கும் அளவும் குறையும். ட்ரெட்மில்லில் முதலில் ஐந்து நிமிடம், உடம்பு சூடாக மட்டும். உங்கள் வாரத்துக்கு என் யோசனை: செவ்வாய், சனி எடை, மற்ற நாள்களில் நான்கு முறை நடை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். வாரத்துக்கு 150 நிமிடமாவது நடையும், இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும்.

அந்த 2 கிலோ டம்பெலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்கள் கைப்பையே அந்த எடை இருக்கும்! எட்டு முதல் பன்னிரண்டு முறைக்குள், கடைசி இரண்டு முறை உண்மையிலேயே கஷ்டப்படுத்தும் எடைதான் தசைக்குச் செய்தி சொல்லும். ஸ்குவாட், தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட், நெஞ்சுக்கு ஒரு தள்ளல், முதுகுக்கு ஓர் இழுப்பு, ஒவ்வொன்றும் மூன்று செட், போதும். நிலையை முதலில் பயிற்றுநரிடம் கற்றுக்கொண்டு, மெல்ல மெல்ல எடையை ஏற்றுங்கள். மூச்சை அடக்காதீர்கள். மாமியாரிடம் சொல்லுங்கள், பெண்ணுக்குப் பெரிய தசை அவ்வளவு சுலபமாக வராது. தசை வந்தால் சும்மா இருந்தாலும் கொழுப்பு எரியும் என்று ஜிம் விளம்பரங்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஒரு கிலோ தசை ஓய்வில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 13 கலோரிதான் செலவழிக்கும்.

சாப்பாட்டில் புரதம் எடுங்கள். உங்கள் எடைக்கு நாளொன்றுக்கு 85 கிராம் வரை வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு. மூன்று இட்லியும் தண்ணிச் சாம்பாரும் அதில் 10 கிராம் தந்தால் பெரிது. இரண்டு முட்டை சேர்த்தால் இன்னும் 12. மதியம் காப்பிக் கடையில் கலவைச் சோறு வாங்கும்போது சோற்றைப் பாதியாக்கி, மீனோ கோழியோ தௌகுவாவோ (கெட்டி டோஃபு) இரண்டு பங்கு கேளுங்கள்.

மகளைக் கூட்டிப் போங்கள். எடை தூக்கினால் உயரம் நிற்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஜிம்மின் வயது விதியை விசாரித்துவிட்டு, தன் உடம்பையே சுமையாக வைத்து ஸ்குவாட்டும் புஷ்-அப்பும் முதலில் பழகட்டும். பயிற்றுநர் பக்கத்தில் இருக்க வேண்டும். நீங்கள் தூக்கும் எடையை அவளே நோட்டில் எழுதட்டும், அந்த வேலையை அவள் ஆசையாகச் செய்வாள்.