கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறங்கள்: கணினிக் கேள்வி பதில்

கேள்வி: 2017-இல் வாங்கிய எங்கள் கணினியில் ஐ5-7400 ப்ராசஸரும், ஒரே குச்சியாக 8 ஜிபி ராமும், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டும் உள்ளன. புதிய விளையாட்டுகள் 1080 திரையில் திக்கித் திணறுகின்றன. ஆர்எக்ஸ் 6600 கார்டை மட்டும் போட்டால் போதும் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன்; கடைக்காரரோ கணினியையே மாற்றச் சொல்கிறார். எதைக் கேட்பது?
— வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் மகன் சொல்வதைக் கேளுங்கள், ஆனால் அவர் சொல்லாமல் விட்ட எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது கணினிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, முதலில் பார்த்துவிடுங்கள். 2016-இல் வெளிவந்த 1050 டிஐ அதிகபட்சம் 75 வாட் மட்டுமே எடுக்கும் கார்டு. அந்த அளவு மின்சாரத்தை மதர்போர்டின் ஸ்லாட்டே கொடுத்துவிடும் என்பதால், கேபினெட்டோடு சேர்த்துத் தலையில் கட்டப்பட்ட மலிவான எஸ்எம்பிஎஸ்கூட இத்தனை ஆண்டுகளாகக் குட்டு வெளிப்படாமல் காலம் தள்ளியிருக்கும். ஆர்எக்ஸ் 6600-க்கு 132 வாட் தேவை. அதற்கென்று எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 8 பின் கம்பி ஒன்று தனியாக வர வேண்டும்.

கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். என்னுடைய பழைய கணினியில் இருந்ததன் மேல் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். கீழே இருந்த சிறிய கட்டத்திலோ 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் 192 வாட்தான் வரும். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டை நம்பியே ஓடுகின்றன. உங்கள் ப்ராசஸருக்கு 65, புதிய கார்டுக்கு 132 என்று கூட்டினால், மின்விசிறிகளையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்க்கும் முன்பே 197 ஆகிவிடுகிறது. கணக்கு அங்கேயே உதைக்கிறது. அப்படிப்பட்ட லேபிளைக் கண்டால், 12 வோல்ட்டில் 35 ஆம்பியர் தரக்கூடிய நல்ல 450 அல்லது 500 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். ஹார்டு டிஸ்க் கம்பியை 8 பின்னாக மாற்றித் தரும் இணைப்பான் ஒன்றைக் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், கம்பி சூடேறி உருகும் இடம் அதுதான். தகட்டைக் கழற்றிய கையோடு, கார்டு உட்காரும் இடத்தின் நீளத்தையும் ஸ்கேலால் அளந்து வையுங்கள்.

கடைக்காரர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஐ5-7400-இல் நான்கு கோர் (கணக்கிடும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை வரிசை) மட்டுமே இருப்பதால், ஒரே நேரத்தில் பல வேலைகளைக் கேட்கும் புதிய விளையாட்டுகளில் அது கார்டுக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கும். உங்களுக்கு அந்த நிலை வந்துவிட்டதா என்று பைசா செலவில்லாமல் சோதிக்கலாம்: விளையாட்டின் தெளிவை 1080-இலிருந்து 720-க்குக் குறைத்துப் பாருங்கள். நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்னும் பிரேம் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் இதுவரை தடையாக இருந்தது கார்டு; ஏறக்குறைய அப்படியே நின்றால் தடை ப்ராசஸரில் இருக்கிறது. 1050 டிஐ உள்ள கணினிகளில் பெரும்பாலும் முதல் விடைதான் வரும். எதுவாயினும் இன்னொரு 8 ஜிபி ராம் குச்சியைச் சேருங்கள். ஒற்றைக் குச்சியில் ராமுக்கும் ப்ராசஸருக்கும் இடையே ஒரு சேனல் (தரவுப் பாதை) மட்டுமே இயங்கும் என்பதால், இந்தச் சிறு செலவுக்குக் கிடைக்கும் பலன் அதிகம்.

விலை குறைவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போய்விடாதீர்கள். அந்தக் கார்டு ஸ்லாட்டின் 16 லேன்களில் (தரவு போய்வரும் தடங்களில்) நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. உங்கள் மதர்போர்டின் ஸ்லாட் பிசிஐஇ 3.0 என்னும் முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது என்பதால் அந்த நான்கின் வேகமும் பாதியாகிவிடும். 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் அந்தச் சந்து வழியாகவே ராமுக்குப் போய்வர வேண்டியிருப்பதால் ஆட்டம் தடுமாறும். ஆர்எக்ஸ் 6600 எட்டு லேன்களில் ஓடுவதாலும், 8 ஜிபி நினைவகம் கொண்டிருப்பதாலும் பழைய ஸ்லாட்டில் இழப்பது சொற்பமே. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவே முடியாது என்றால், 70 வாட்டில் ஓடும் 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-ஐப் பாருங்கள். வேகம் குறைவு, ஆனால் தனிக் கம்பி கேட்காத மாடல்கள் அதில் கிடைக்கின்றன.

கேள்வி: ரிச்சி தெருவில் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றைக் குறைந்த விலைக்குச் சொல்கிறார்கள். மைனிங்கில் (கிரிப்டோ நாணயம் ஈட்டும் வேலையில்) ஓடியதாக இருந்தால் வாங்கலாமா?
— வாசகர், தாம்பரம்

பதில்: 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்னும் கிரிப்டோ நாணயம் கார்டுகளே தேவைப்படாதபடி தன் முறையை மாற்றிக்கொண்டதும் மைனிங் செய்தவர்களின் கார்டுகள் கூட்டம் கூட்டமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. இரவு பகலாக ஓடித் தேய்வது பெரும்பாலும் விசிறியும், நினைவகச் சில்லுகள் மேல் ஒட்டிய வெப்பப் பட்டைகளும்தான், இரண்டையும் மாற்றிவிடலாம். பெட்டியில் உள்ள சீரியல் எண் கார்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடையிலேயே ஒரு விளையாட்டையோ சோதனை மென்பொருளையோ அரை மணி நேரம் ஓடவிட்டு, விசிறியில் கரகரப்பு கேட்கிறதா, திரையில் புள்ளிகளோ கோடுகளோ தெறிக்கின்றனவா என்று கவனியுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டி “எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு” என்பவரிடம் வாங்காதீர்கள். கோளாறுள்ள கார்டு சூடேறிய பிறகுதான் தன் வேலையைக் காட்டும். இது 170 வாட் கார்டு என்பதால், எஸ்எம்பிஎஸ் குறித்து மேலே சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: என் ஜிடிஎக்ஸ் 1060-இல் பழைய விளையாட்டுகள் நன்றாகவே ஓடுகின்றன. ‘டூம்: த டார்க் ஏஜஸ்’ மட்டும் ஓட மறுக்கிறது. டிரைவரை மாற்றினால் சரியாகுமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: ஆகாது. 2025-இல் வந்த அந்த விளையாட்டுக்கு ரே டிரேசிங் வசதி (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டுக் காட்சியை வரைவது) கார்டின் வன்பொருளிலேயே இருக்க வேண்டும். 1060-இல் அது கிடையாது. குறைந்தபட்சத் தேவையாக ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600-ஐக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். பழைய விளையாட்டுகளே போதும் என்றால் இப்போதைக்குச் செலவு செய்ய வேண்டாம்.