தனியாகச் செபித்தால் போதாதா?

கேள்வி: நான் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரைச் சேர்ந்தவள். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஊரில் இருந்தவரை ஞாயிறு பூசையைத் தவறவிட்டதில்லை. கொரோனா காலத்தில் கைப்பேசியில் திருப்பலி பார்க்கத் தொடங்கினேன், அதுவே பழகிவிட்டது. இங்குள்ள பங்கில் (இந்தப் பகுதிக் கோவிலைச் சேர்ந்த சமூகத்தில்) என்னை யாருக்கும் தெரியாது. ஒருமுறை அன்பியக் கூட்டத்திற்கு, அதாவது அக்கம்பக்கத்துப் பங்கு மக்கள் கூடிச் செபிக்கும் சிறு குழுவுக்கு, போனபோது சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது என்று துளைத்தெடுத்தார்கள். அதோடு நிறுத்திக்கொண்டேன். போன ஆண்டு அப்பா இறந்ததிலிருந்து செபமாலையைக் கையில் எடுத்தால் வார்த்தையே வருவதில்லை. விசுவாசம் கைநழுவிப் போகிறதோ என்று பயமாக இருக்கிறது. உள்ளறைக்குப் போய்க் கதவை அடைத்துக்கொண்டு செபிக்கும்படிதானே இயேசு சொன்னார்? தனியாக இருந்தே விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியாதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, அப்பாவை இழந்து நிற்கும் உங்களுக்கு என் ஆறுதல். வார்த்தை வரவில்லை என்பதற்காக விசுவாசமே போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். துக்கத்தில் வாயடைத்துப் போவது யாருக்கும் நேர்வதுதான். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் இருக்கிறீர்களே, எனக்கு அதுதான் கவலையாக இருக்கிறது.

உங்கள் ஊரில் துக்க வீட்டில் 53 மணிச் செபமாலை சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கிப் பாதியில் விடுவார். "தூய மரியே, இறைவனின் தாயே" என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அழுது ஓய்ந்த மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள், உதடுகூட அசையாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் கடைசி மணி வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். அவள் வாய் திறக்காவிட்டாலும் அது அவளுடைய செபமும்தான். விடுதி அறையில் நீங்கள் இரண்டு பாதியையும் ஒற்றை ஆளாகச் சொல்லப் பார்க்கிறீர்கள். அதற்குத் தெம்பில்லாத நாட்கள் எல்லோருக்கும் வரும்.

உள்ளறையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பிறர் பார்க்க வேண்டும் என்றே தெருமுனையில் நின்று செபித்தவர்களைக் கண்டித்தபோது இயேசு சொன்னது அது. கூடி வழிபடுவதை அவர் விலக்கவில்லை. ஓய்வுநாளில் தம் வழக்கப்படி தொழுகைக்கூடத்திற்குச் சென்றார் என்று லூக்கா எழுதுகிறார். கெத்சமனியில் மனம் கலங்கிய இரவில் பேதுருவையும் செபதேயுவின் மக்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய், தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அவர் கேட்டார். அவருக்கே துணை தேவைப்பட்டது என்றால், நீங்களும் நானும் துணை தேடுவதில் என்ன குறைவு?

உங்கள் கடற்கரைக்கு 1542-இல் வந்த புனித சவேரியாரைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருப்பீர்கள். அவரேதான் 1549-இல் ஜப்பானுக்கும் போனார். அங்கு அதன்பின் நடந்ததைக் கேளுங்கள். 1614-இல் நாடு முழுவதும் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. குருக்கள் விரட்டப்பட்டார்கள், கொல்லப்பட்டார்கள். சில பத்தாண்டுகளில் ஒரு குருகூட மிஞ்சவில்லை. கோவில் இல்லை, பூசை இல்லை, நற்கருணை இல்லை. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இதே நிலைதான். 1865 மார்ச் 17 அன்று, நாகசாகியில் வெளிநாட்டவர்களுக்காகப் புதிதாகக் கட்டியிருந்த கோவிலுக்கு உராகாமி கிராமத்து விவசாயிகள் சிலர் வந்தார்கள். பெத்திஷான் என்ற பிரெஞ்சுக் குருவிடம் ஒரு பெண் நெருங்கி வந்து, எங்கள் இதயமும் உங்கள் இதயமும் ஒன்றே என்று மெதுவாகச் சொன்னார். மாதா சுரூபம் எங்கே என்று கேட்டார்கள். தாங்கள் இப்போது துக்க காலத்தை அனுசரிப்பதாகவும் சொன்னார்கள். உண்மையாகவே அது இயேசுவின் பாடுகளை நினைக்கும் தவக்காலம்! அத்தனை தலைமுறை கடந்தும் திருவழிபாட்டுக் காலம் அவர்களுக்குத் தவறிப் போகவில்லை.

இதை எப்படிக் காப்பாற்றினார்கள்? வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். திருநாளும் நோன்பும் எந்த நாளில் வரும் என்று ஒருவர் கணக்கு வைத்திருந்தார். இன்னொருவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். மூன்றாமவர் வீடு வீடாகப் போய் அந்த நாட்களை அறிவித்தார். தந்தைக்குப் பிறகு மகன், அவனுக்குப் பிறகு பேரன் என்று பொறுப்பு கைமாறிக்கொண்டே வந்தது. அவர்களில் ஒவ்வொருவரும் தனித்தனியே மனதுக்குள் விசுவாசத்தைப் பூட்டி வைத்திருந்தால், அவரவர் சாவோடு அது முடிந்திருக்கும். என்னை மிகவும் நெகிழ வைப்பவர் அந்த மூன்றாவது ஆள். பெரிய ஞானம் ஒன்றும் அவருக்குத் தேவைப்படவில்லை. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

உங்களுக்கு இன்று இல்லாதவர் அவர்தான். கைப்பேசித் திருப்பலி நோயாளிகளுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் பெரிய ஆறுதல். அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் நீங்கள் மூன்று வாரம் பார்க்காவிட்டால் அது உங்களைத் தேடி வராது. பெரிய பங்கில் ஞாயிறு பூசை பார்த்துவிட்டு நேராக விடுதிக்குத் திரும்பினாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. உங்கள் பெயரும் ஷிப்ட் நேரமும் தெரிந்த நாலு பேர் வேண்டும்.

அதனால் அன்பியத்திற்கு மறுபடியும் போகச் சொல்கிறேன். அவர்கள் கேட்ட கேள்விகள் உங்களைப் புண்படுத்தியது நியாயம்தான். முதல் நாளே ஒரு பெண்ணிடம் சம்பளத்தையும் கல்யாணத்தையும் விசாரிப்பது நல்ல பழக்கமில்லை. அன்பியப் பொறுப்பாளர்கள் இதைப் படித்தால் மனதில் கொள்ளட்டும். மறுபடியும் கேட்டால், "அதைப் பற்றி இப்போது பேச விருப்பமில்லை அக்கா. அப்பாவுக்காகச் செபமாலையில் ஒரு பத்து மணி என்னோடு சேர்ந்து சொல்வீர்களா?" என்று கேட்டுப்பாருங்கள். நம் பெண்களில் பலருக்கு அன்பைக் காட்டத் தெரிந்த வழி விசாரிப்பது ஒன்றுதான். செய்வதற்கு ஒரு காரியத்தைக் கையில் கொடுத்துவிட்டால் அதே அக்கா அடுத்த வாரம் சோற்றுப் பாத்திரத்தோடு விடுதி வாசலில் வந்து நிற்பார்.

விசுவாசம் திரும்பிய பிறகு போகலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்கு முதலில் தோன்றியபோது அவர்களில் ஒருவரான தோமா அங்கு இல்லை. மற்றவர்கள் சொன்னதை அவர் நம்பவும் இல்லை. அப்படியிருந்தும் எட்டு நாட்களுக்குப் பின் அதே வீட்டில் அவர்களோடு இருந்தார். நம்பாதவன் என்று அவரை யாரும் வெளியே தள்ளவில்லை. அவரும் ஐயம் தீரட்டும் என்று ஒதுங்கி நிற்கவில்லை.

இந்த வாரமே பங்கு அலுவலகத்திற்குப் போய் உங்கள் பெயரைப் பதிவு செய்யுங்கள். விடுதி இருக்கும் பகுதியின் அன்பியப் பொறுப்பாளர் யார் என்று கேட்டு, அவருடைய எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் வரும் வாரங்களை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். சில மாதங்கள் போய்ப் பார்த்தும் ஒட்டவில்லை என்றால், அந்தக் குழுதான் பொருந்தவில்லை என்று கொள்ளுங்கள். மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, பாடகர் குழு, இளையோர் இயக்கம் என்று அங்கே இருப்பவற்றை விசாரியுங்கள். வேலை நேரத்துக்கு ஒத்துவரும் ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள்.