டிரைவில் எது எங்கே? டெல்டா நிறுவனங்களின் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கூகுள் டிரைவைப் பற்றியவை. அதனால் மெனு பெயர்களும் அதற்குரியவையே.

எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பார்த்த தம்பி அடுத்த மாதம் வேலையை விட்டுப் போகிறார். உறுப்பினர் பட்டியல், பங்குத்தொகை, உரக் கணக்கு எல்லாம் அவருடைய சொந்த ஜிமெயிலில் இருக்கின்றன. ஃபோல்டரை எங்களுக்கும் ஷேர் செய்திருக்கிறார். அது போதாதா? (திருவாரூர்)

போதாது. ஷேர் செய்தால் உங்களுக்குக் கிடைப்பது அனுமதி மட்டும்தான். கோப்பு அவருடையதாகவே இருக்கும். அவர் அழித்தால் உங்களுக்கும் போய்விடும். அவர் அழிக்காவிட்டாலும், 2 ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்கை நீக்கும் உரிமையை கூகுள் வைத்திருக்கிறது. நீங்களோ கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானவர்கள். கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுக்கு வைத்திருக்க வேண்டும்.

அவர் நாற்காலியில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். நிறுவனத்தின் பெயரிலும் ஜிமெயில்தான் இருக்கிறது என்றால், ஷேர் பெட்டியில் உங்கள் பெயருக்கு எதிரே ஓனர்ஷிப்பை மாற்றும் வசதி உண்டு. நீங்கள் ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது செல்லும். பலர் சறுக்கும் இடம் இதுதான்: ஃபோல்டரின் ஓனரை மாற்றினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் ஓனர் மாறமாட்டார். ஃபோல்டரைத் திறந்து, கோப்புகளைத் தேர்ந்தெடுத்துத் தனியே மாற்ற வேண்டும்.

நிறுவனத்துக்கு வொர்க்ஸ்பேஸ் கணக்கு (கூகுளுக்குச் சந்தா கட்டி வாங்கும் நிறுவனக் கணக்கு) இருந்தால் ஜிமெயிலிலிருந்து நேராக ஓனர்ஷிப் தர முடியாது. டவுன்லோட் செய்து மறுபடி ஏற்றுங்கள். கூகுள் ஷீட்டுகள் எக்செல் கோப்பாக இறங்கும். பழைய திருத்த வரலாறு கூட வராது. பெரிய ஃபோல்டர் பல ஜிப் துண்டுகளாக வரும். ஒரு துண்டு விட்டுப்போனாலும் அப்போதைக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் கோப்புகளை எண்ணிப் பார்த்த பிறகே அவரை அனுப்புங்கள்.

இனிமேல் எல்லாவற்றையும் வொர்க்ஸ்பேஸின் ஷேர்டு டிரைவில் வையுங்கள். அங்கே கோப்புக்கு உரிமை நிறுவனத்துக்கு. உங்கள் சந்தா திட்டத்தில் அது உண்டா என்று வாங்கும்போதே கேளுங்கள். வொர்க்ஸ்பேஸ் பயனர் ஒருவரை நீக்குவதாக இருந்தால் அவருடைய மை டிரைவை (அவர் பெயரில் உள்ள கோப்புகளின் இடம்) முதலில் வேறொருவருக்கு மாற்றுங்கள். மறந்துவிட்டால், நீக்கிய கணக்கை மீட்க 20 நாள்தான்.

அரிசி ஆலை. ஃபோல்டரை வருடவாரியாக வைப்பதா, பார்ட்டிவாரியாக வைப்பதா? (மன்னார்குடி)

இரண்டும் வேண்டாம், வேலைவாரியாக வையுங்கள். தேடி வருபவர் மனதில் இருப்பது ‘கொள்முதல் பில்’, ‘பாய்லர் சான்றிதழ்’ என்பதுதான். மேல்மட்டத்தில் 01 கொள்முதல், 02 அரவை, 03 விற்பனை, 04 கணக்கு-வரி, 05 உரிமம்-சான்றிதழ், 06 எந்திரம், 07 செய்முறை. இதற்கு மேல் போனால் யாரும் எடுத்து வைக்க மாட்டார்கள். எண்ணில் முன்னால் பூஜ்யம் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் சில கம்ப்யூட்டர்களிலும் போன்களிலும் 10 போய் 2-க்கு முன்னால் உட்காரும். ஆழம் மூன்று அடுக்குக்குள் நிற்கட்டும். அதைத் தாண்டினால் போன் திரையில் இடம் தெரியாது.

வருடம் இரண்டாவது அடுக்கில் வரும். எந்த வருடம் என்பதில்தான் டெல்டாவில் குழப்பம். வரிக் கணக்கு ஏப்ரல்-மார்ச். நெல் கொள்முதல் பருவம் அக்டோபரில் தொடங்குவது, தமிழ்நாட்டில் சில ஆண்டுகளாக செப்டம்பரிலேயே தொடங்குகிறது. சம்பாவோ ஆகஸ்டில் விதைத்து அடுத்த ஆண்டு தையில் அறுப்பது. ‘2025 சம்பா’ என்று பெயர் வைத்தால் விதைத்ததா அறுத்ததா என்று இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வார்கள். எனவே 04-ல் நிதியாண்டு, 01-ல் ‘2024-25 குறுவை’, ‘2024-25 சம்பா’, ‘2024-25 தாளடி’. இந்த விதியை ஃபோல்டருக்குள் முதல் கோப்பாகவே எழுதி வையுங்கள்.

கோப்பின் பெயர் ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கட்டும்: ‘2025-01-18 கொள்முதல் பில்’. தானாகவே வரிசையாகிவிடும். உரிமங்களுக்கு மட்டும் காலாவதி நாளை முதலில் போடுங்கள். ஃபோல்டரைத் திறந்ததும் அடுத்து புதுப்பிக்க வேண்டியது மேலே நிற்கும்.

ஒரே கோப்பு இரண்டு இடத்தில் வேண்டுமானால் நகலெடுக்காதீர்கள், ஷார்ட்கட் போடுங்கள். நகலெடுத்தால் ஒன்றில் திருத்துவார்கள், மற்றதை அனுப்புவார்கள்.

07 செய்முறைதான் ஆலைக்கு உண்மையான சொத்து. நெல் ஊறும் நேரம், நொய் கூடினால் ரப்பர் ரோலில் எதைப் பார்ப்பது, ஈரப்பதமானி எண்ணில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் இப்போது மூத்த ஆபரேட்டரின் தலைக்குள் இருக்கிறது. அவரை எழுதச் சொல்லாதீர்கள், எழுதமாட்டார். வேலை நடக்கும்போதே போனில் 2 நிமிட வீடியோ எடுங்கள். கூடவே நான்கு வரி: எப்போது செய்வது, எந்த அறிகுறி, என்ன செய்வது, யாரைக் கேட்காமல் செய்யக்கூடாது. அரசுக் கொள்முதலில் ஈரப்பத வரம்பு 17%. மழைக்காலத்தில் தளர்வு ஆணை வந்தால் அதன் நகலும் தேதியோடு இங்கேயே இருக்கட்டும்.

குத்துவிளக்கு விலைப்பட்டியலில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் 3’ என்று ஆறு கிடக்கின்றன. பழைய விலையை அனுப்பிவிடுகிறார்கள். (நாச்சியார்கோவில்)

பித்தளை விலை ஏறும்போதெல்லாம் புதுக் கோப்பு போடுவதால் வரும் வினை. ஒரே ஒரு பிடிஎஃப் வைத்துக்கொள்ளுங்கள். விலை மாறினால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து, வெர்ஷன்களை நிர்வகிக்கும் பகுதியில் புதிய வெர்ஷனை ஏற்றுங்கள். லிங்க் மாறாது, வியாபாரிக்கு முன்பே அனுப்பிய லிங்க்கைத் திறந்தாலும் புது விலைதான் தெரியும். பிடிஎஃபின் பழைய வெர்ஷன்கள் 30 நாளில் கழிந்துவிடும். எந்த விலைக்கு ஆர்டர் பிடித்தோம் என்ற வழக்கு வரக்கூடிய தொழில் என்பதால், அவற்றை நிரந்தரமாக வைக்கும் தெரிவை டிக் செய்யுங்கள். விற்பனையாளர்கள் பிடிஎஃபை வாட்ஸப்பில் இணைப்பாக அனுப்புவதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். லிங்க்தான் போக வேண்டும்.

பத்து வருடத்துத் தமிழ்க் கடிதங்கள் டிரைவில் இருக்கின்றன. தேடினால் ஒன்றும் வருவதில்லை. (தஞ்சாவூர்)

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகளின் வரிசை. தேடுபொறி அதைத் தமிழாகப் படிக்காது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவியால், தேடுபொறி படிக்கக்கூடிய யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியதும் கடிதத்திலுள்ள ஆங்கிலப் பெயர்களைப் பாருங்கள். அவையும் சேர்ந்து உளறல் தமிழாகியிருக்கும். மூலக் கோப்பை அழிக்காமல் ‘பழையவை’ ஃபோல்டரில் போடுங்கள். பத்து வருடத்தையும் மாற்ற உட்காராதீர்கள். கடைசி மூன்று வருடமும், அடிக்கடி திறக்கும் மாதிரிக் கடிதங்களும் போதும். ஸ்கேன் செய்த தாள்களை டிரைவில் கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால் அச்சுத் தமிழை ஓரளவு நன்றாகவே எழுத்தாக்கித் தரும். கையெழுத்தை நம்பாதீர்கள்.

பெயர் நீளத்திலும் ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ‘கொ’ என்பது இரண்டு குறி, ஆக 6 பைட். ஆண்ட்ராய்டும், ஆபீஸில் வைக்கும் நாஸ் பெட்டிகளில் (நெட்வொர்க்கில் இணைத்த சேமிப்புப் பெட்டி) பலவும் கோப்புப் பெயருக்கு 255 பைட் வரைதான் இடம் தரும். விண்டோஸில் தடையில்லாமல் சேமித்த நீளப் பெயர் அங்கே ஏற மறுப்பது இதனால்தான். பெயரை ஐந்தாறு சொல்லில் முடியுங்கள்.

கடைப் பையன்கள் தெரியாமல் அழித்துவிடுகிறார்கள். (மயிலாடுதுறை, உரம்-விதைக் கடை)

ஷேர்டு டிரைவில் அவர்களுக்கு ‘கான்ட்ரிபியூட்டர்’ நிலை கொடுங்கள். சேர்க்கலாம், திருத்தலாம், அழிக்கவோ இடம் மாற்றவோ முடியாது. அழிக்கவும் இடம் மாற்றவும் முடிந்த ‘கன்டென்ட் மேனேஜர்’ ஒருவர், ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடிந்த ‘மேனேஜர்’ இருவர். இருவர் எதற்கென்றால், ஒருவர் போன் தொலைத்துவிட்டாலும் கதவு பூட்டிக்கொள்ளக்கூடாது. அழித்தது 30 நாள் வரை டிராஷில் கிடக்கும். மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் தொழில் கணக்கிலும் ஷேர்பாயின்டிலும் 93 நாள்.

உறுப்பினர்களின் ஆதார், சிட்டா, வங்கிப் புத்தக நகல்களும் அதே ஃபோல்டரில் இருக்கலாமா? (நாகப்பட்டினம்)

கூடாது. தனி ஷேர்டு டிரைவ் போட்டு இரண்டு பேருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்ற அமைப்பு அதில் எந்தக் கோப்புக்கும் இருக்கக்கூடாது. ஒரு முறை வாட்ஸப் குழுவில் விழுந்த லிங்க் எங்கே போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. முழு எண் தேவையில்லாத இடத்தில், கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை வாங்குங்கள்.

எல்லாம் ஒழுங்காக அடுக்கிவிட்டோம். இன்னும் ‘அந்த ஃபைலை அனுப்புண்ணே’ என்றுதான் வாட்ஸப்பில் கேட்கிறார்கள். (கும்பகோணம்)

கேட்டதும் ஃபைலை அனுப்புகிற அந்த அண்ணன்தான் காரணம். அவர் இனி லிங்க்கை மட்டும் அனுப்பட்டும். ‘எது எங்கே’ என்று ஒரே ஒரு பக்கம் தயார் செய்யுங்கள்: ஊழியர்கள் கேட்கும் கேள்வியை அவர்கள் வார்த்தையிலேயே இடப்பக்கம், லிங்க்கை வலப்பக்கம். ஒரு மாத வாட்ஸப்பைப் புரட்டினாலே எந்தெந்தக் கேள்வி என்று தெரிந்துவிடும். இருபதுக்கு மேல் தேறாது. அந்தப் பக்கத்தை குழுவின் டிஸ்கிரிப்ஷனில் போடுங்கள், எல்லார் போனிலும் ஹோம் ஸ்கிரீனில் ஷார்ட்கட் வைத்துக் கொடுங்கள். ஒவ்வொரு மேல் ஃபோல்டருக்கும் பொறுப்பாளர் பெயரும் அதே பக்கத்தில் இருக்கட்டும். அவர் லீவில் போனால் பதில் ஆள் யார் என்பதையும் சேருங்கள்.