ஏற்காட்டில் இன்ஜின் ஏன் சோர்ந்துபோகிறது?

கேள்வி: ஐயா, என் ரிமோட் ரேஸ் காரில் 3.5 சிசி க்ளோ இன்ஜின், மெத்தனாலில் ஓடும் சின்ன வகை. சேலத்தில் பறக்கிறது. ஏற்காடு கொண்டுபோனால் புகையாகக் கக்குகிறது, பிக்கப்பே இல்லை. எக்ஸாஸ்ட் போர்ட்டை, அதாவது புகை வெளியேறும் துளையை, அரம் போட்டுப் பெரிதாக்கலாமா?
— வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: வேண்டாம் தம்பி, அரத்தைக் கீழே வையுங்கள். இந்த வகை ரேஸ் இன்ஜின்களில் பெரும்பாலும் பிஸ்டன் ஓடும் குழாயான ஸ்லீவ் பித்தளை, உள்ளே மெல்லிய குரோம் பூச்சு. அரம் பட்டால் போர்ட் விளிம்பில் பூச்சு உரியும். அந்தத் துணுக்கு அலுமினியப் பிஸ்டனைக் கோடு கோடாகக் கீறிவிடும். பக்குவமாகவே ராவினாலும், மேல் விளிம்பு உயர உயர எக்ஸாஸ்ட் சீக்கிரம் திறக்கும். உச்ச வேகம் கூடும், குறைந்த வேகத்தில் இழுவை போய்விடும். மலைமேல் உங்களுக்கு வேண்டியது அந்த இழுவைதான்.

உங்கள் சிக்கல் காற்றில் இருக்கிறது. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியைச் சேலத்தில் வைத்த இடத்திலேயே விட்டால் எரிபொருள் அதிகமாகிவிடும். அதுதான் புகை.

மேலே போனதும் அந்த ஹை ஸ்பீடு ஊசியை எட்டில் ஒரு சுற்று மட்டும் உள்ளே திருகுங்கள். முழு வேகத்தில் ஒரு ஓட்டம் விட்டு நிறுத்தி, இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சுர்ரென்று உடனே பறந்தால் சூடு அதிகம், ஊசியைக் கொஞ்சம் திறக்க வேண்டும். மூன்று நான்கு விநாடி கொதித்து மறைந்தால் சரி. எக்ஸாஸ்டில் மெல்லிய புகைக்கோடு எப்போதும் தெரிய வேண்டும். எரிபொருளில் கலந்த எண்ணெய் இன்ஜினுக்குள் போய்ச் சேர்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

அப்புறமும் மந்தமாக இருந்தால் ஹெட் இடைவெளியை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் ஹெட்டுக்கும் இடையே உள்ள இடத்தை, பாருங்கள். பிளக்கைக் கழற்றி, மெல்லிய சால்டர் கம்பியை ஸ்லீவ் ஓரத்தைத் தொடும்படி உள்ளே விட்டு, ஃப்ளைவீலைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். நசுங்கிய முனையை மைக்ரோமீட்டரில் அளக்கலாம். இந்த அளவு இன்ஜினுக்கு அரை மில்லிமீட்டரை ஒட்டி வருவது வழக்கம். கூடுதலாக இருந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் 0.1 மில்லிமீட்டர் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்றை எடுத்துப் பாருங்கள். பிளக்குக்குள் இருக்கும் சுருள் கம்பி வளைந்து நசுங்கினால் அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம், ஷிம்மைத் திரும்பப் போடுங்கள்.

மலை இறங்கியதும் ஊசியையும் ஷிம்மையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஏற்காட்டு செட்டிங்கோடு சேலம் வெயிலில் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: க்ளோ இன்ஜின் எரிபொருளுக்காக மளிகைக் கடை விளக்கெண்ணெயை மெத்தனாலில் கலக்கலாமா?
— வாசகர், ஆத்தூர்

பதில்: சுத்தமானதா என்று முதலில் பாருங்கள். ஆமணக்கு எண்ணெய் மெத்தனாலில் கரையும், கலப்படத்துக்குச் சேர்க்கும் மற்ற எண்ணெய்கள் பெரும்பாலும் கரையாது. சின்னக் கண்ணாடிக் குப்பியில் இரண்டையும் ஊற்றிக் குலுக்கி ஓர் இரவு வையுங்கள். அடுக்காகப் பிரிந்தால் அந்த எண்ணெய் இன்ஜினுக்கு ஆகாது. மெத்தனால் விஷம், வயிற்றுக்குள் போனால் கண்பார்வையே போகும். கையுறை போட்டு வெளிக்காற்றில் கலந்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். மூடியை இறுக்கி மூடுங்கள், திறந்து கிடந்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.