வயசான பூனைக்கு வாந்தி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது

இந்த வாரம் தமிழ்நாடு-கேரள எல்லையோர ஊர்களிலிருந்து பூனைக் கடிதங்கள்தான் அதிகம். மிக்ஸி, டிவி கேள்விகள் எல்லாம் அடுத்த வாரம்.

கேள்வி: எங்கள் பூனைக்கு 13 வயது. ஒரு மாதமாக அவ்வப்போது வாந்தி. இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. தண்ணீர் மட்டும் நிறையக் குடிக்கிறது, மெலிந்துவிட்டது. பாறசாலையில் ஒரு கடையில் ஜீரண சிரப்பும் விலை கூடிய டின் உணவும் கொடுத்தார்கள். 1,900 ரூபாய், பில் இல்லை. இப்போது திருவனந்தபுரம் கொண்டுபோய் ‘ஃபுல் பாடி செக்கப்’ எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?
— வாசகி, களியக்காவிளை

பதில்: அம்மா, கடிதம் வந்த அன்றே ஃபோனில் உங்களிடம் சொன்னதை மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றாலே டாக்டரைக் கேட்க வேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து, கல்லீரலே கெட்டுப்போகும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

வாந்தியை மட்டும் வைத்து என்ன நோய் என்று யாராலும் சொல்ல முடியாது, அந்தக் கடைக்காரராலும்தான். சிறுநீரகக் கோளாறு, தைராய்டு அதிகமாகச் சுரப்பது, சர்க்கரை, கணைய அழற்சி, குடல் அழற்சி, குடலில் புற்றுநோய், பல் வலி, மலச்சிக்கல், நூலை விழுங்கிவிடுவது என்று வயசான பூனைக்குக் காரணங்கள் நிறைய. தண்ணீர் நிறையக் குடித்து, மெலிந்து, பசியும் போயிருந்தால் டாக்டர் முதலில் சிறுநீரகத்தைத்தான் சந்தேகப்படுவார். தைராய்டுப் பூனை பெரும்பாலும் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டே மெலியும்.

செக்கப் பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன்னால் டாக்டர் பூனையைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். எடை போட வேண்டும். வாயைத் திறந்து பல்லையும் நாக்கின் அடியையும் பார்க்க வேண்டும். விழுங்கிய நூல் பல நேரம் அங்கேதான் சிக்கியிருக்கும். வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டும். அப்புறம் இரத்தத்தில் கிரியேட்டினின், யூரியா, பாஸ்பரஸ், பொட்டாசியம், சர்க்கரை, கல்லீரல் என்சைம்கள், டி4 என்ற தைராய்டு ஹார்மோன், இரத்த அணுக்கள். இதோடு சிறுநீர்ப் பரிசோதனை கட்டாயம். பேக்கேஜில் அது இல்லையென்றால் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் ஏறக்குறைய முக்கால் பங்கு செயலிழந்த பிறகுதான் கிரியேட்டினின் ஏறும்; சிறுநீரின் அடர்த்தி அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடும். ஸ்கேன், எக்ஸ்ரே தேவையா என்பதை இந்த முடிவுகளைப் பார்த்துவிட்டு டாக்டர் சொல்லட்டும்.

போகும்போது வாந்தியை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளை நுரையா, மஞ்சள் நீரா, தின்ற தீனி அப்படியேவா, முடியா என்று டாக்டர் கேட்பார். காப்பித்தூள் போலக் கரும்பழுப்பாக இருந்தால் அது இரத்தமாக இருக்கலாம், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. வயிறு எக்கி எக்கி வாந்தி வருகிறதா, தின்ற உடனே எக்காமல் வழுக்கி வெளியே வருகிறதா என்பதை வீடியோ எடுத்துவிட்டால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் காரணம் வேறு.

அந்த 1,900 ரூபாயில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. பதறி நிற்பவரிடம் கிடைத்ததை விற்றிருக்கிறார்கள். பில் தராமல் விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதில் தீரவில்லையென்றால், கடை கேரளத்தில் இருந்தாலும் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். புகார் செய்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கம் சாமான் வாங்குகிற நமக்கு இது பெரிய உதவி. பணம் அனுப்பிய ஃபோன் ரசீதையும் சிரப் பாட்டிலையும் தூக்கி எறிய வேண்டாம்.

கேள்வி: பூனைக்கு உடம்பு சுடுகிறது, சாப்பிடவில்லை. வீட்டில் பாரசிட்டமால் இருக்கிறது. அரை மாத்திரை போதுமா?
— வாசகர், செங்கோட்டை

பதில்: கொடுக்கவே கூடாது. அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்த நிமிடமே கிளம்புங்கள். நெல்லை ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதைவிடப் பக்கத்தில் டாக்டர் இருந்தால் முதலில் அவரிடம். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் பூனை மேல் விடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் அதுவும் பூனைக்கு விஷம்.

கேள்வி: குமுளியில் லூஸில் கிலோ 160 ரூபாய்க்குப் பூனைத் தீனி வாங்கினேன். மூன்றாம் நாளிலிருந்து 11 வயசுப் பூனைக்கு வாந்தி. கடைக்காரர் “கிழட்டுப் பூனை, அப்படித்தான் இருக்கும்” என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?
— வாசகர், கம்பம்

பதில்: இந்த லூஸ் தீனி மேல் எனக்குப் பல வருஷக் கோபம். பெரிய மூட்டையை வாய் பிரித்துக் கடை வாசலில் நிறுத்திவிடுவார்கள். அள்ளுகிற கரண்டி அதற்குள்ளேயே கிடக்கும். தீனியில் இருக்கிற கொழுப்பு காற்றுப் பட்டால் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். குமுளி மழைக்காலத்து ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும்; சில பூஞ்சைகளின் நஞ்சு நேரே கல்லீரலைத் தாக்கும். கவரில் கட்டித் தருகிற ஒரு கிலோவில் தயாரித்தவர் பெயர் இல்லை, பேட்ச் எண் இல்லை, தேதி இல்லை. நாளைக்குக் கம்பெனியே அந்த பேட்சைத் திரும்பப் பெற்றாலும் உங்கள் வீட்டுப் பூனை தின்றது அதுதானா என்று தெரிய வழியில்லை. பொட்டலப் பொருட்களுக்கான 2011 விதிகள் தயாரிப்பாளர் பெயரையும் மாதத்தையும் விலையையும் பையிலேயே அச்சடிக்கச் சொல்கின்றன. பையைப் பிரித்து லூஸில் விற்றால் அந்தப் பாதுகாப்பு அத்தனையும் கடைக்காரரோடு நின்றுவிடுகிறது. கிலோவுக்கு நாற்பது ஐம்பது ரூபாய் மிச்சம் பார்த்து இதை வாங்காதீர்கள்.

சீல் உடைக்காத பையையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். தள்ளுபடியில் 7 கிலோ பை ஒன்று வாங்கி வந்தேன். வீட்டில் பார்த்தால் தேதி மேல் ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டினால் அடியில் நான்கு மாதம் முன்பே முடிந்துபோன தேதி. திரும்பக் கொண்டுபோனதற்கு “கம்பெனியிலிருந்தே அப்படித்தான் வந்தது” என்றார்கள். பில்லையும் படத்தையும் காட்டிய பிறகுதான் பணம் வந்தது. இப்போதெல்லாம் கடையிலேயே சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் காசு எடுக்கிறேன்.

உங்கள் விஷயத்தில் தீனிதான் காரணம் என்று நானும் முடிவு கட்ட மாட்டேன். 11 வயதில் நோய் தொடங்கியதும் தீனி மாறியதும் ஒரே வாரத்தில் நடந்திருக்கலாம். நல்ல தீனியையே திடீரென்று மாற்றினாலும் வயிறு புரளும். பழையதோடு கலந்து ஏழு முதல் பத்து நாளில்தான் மாற்ற வேண்டும். வீட்டில் இன்னொரு பூனையும் அதைத் தின்று வாந்தி எடுத்ததா என்று யோசியுங்கள். மிச்சத் தீனியை மூடிய டப்பாவில் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, அவர் கருத்தை எழுதி வாங்குங்கள். அது கையில் இருந்தால் பணம் கேட்க வழி உண்டு. பில்லில் வேறு கெடு போடாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது சட்டப்படி தவறு.

கேள்வி: பூனைக்கு வாந்தி. வீடியோவில் பார்த்து, சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் பவுடர் 2,400 ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கினேன். ஒரு மாதமாகப் பலனில்லை. வேறு எந்த பிராண்டு நல்லது?
— வாசகர், பொள்ளாச்சி

பதில்: தம்பி, ஒரு மாதமாகப் பூனை வாந்தி எடுக்கிறது, ஒரு டாக்டரும் இன்னும் அதைப் பார்க்கவில்லை. பிராண்டு பெயர் நான் தர மாட்டேன். சிறுநீரகக் கோளாறு என்று உங்களுக்கு யார் சொன்னது? அதுவே இருந்தாலும், போன சிறுநீரகத்தை எந்தப் பவுடரும் திரும்பக் கொண்டுவராது. ரிங்கர் லாக்டேட் மாதிரி உப்புத் திரவம் ஏற்றுவது, குமட்டலுக்கு மருந்து, பாஸ்பரஸ் குறைந்த உணவு, இரத்த அழுத்தம் பார்ப்பது, இதுதான் மருத்துவம். எது எவ்வளவு என்று டாக்டர் முடிவு செய்வார். பவுடர் விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். ஆனால் முதலில் டாக்டர், அப்புறம் புகார்.

கேள்வி: நாய்த் தீனி மலிவாகக் கிடைக்கிறது. பூனைக்கும் அதையே போடலாமா?
— வாசகி, கூடலூர்

பதில்: கூடாது. பூனைக்கு வேண்டிய டாரின் என்ற சத்து அதில் போதாது. கண்ணும் இதயமும் கெடும்.

கேள்வி: 14 வயதுப் பூனை சாப்பிடாமல் கிடந்ததால் தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கில் சேர்த்தோம். ஸ்கேன், இரத்தம் என்று 6,500 ரூபாய் வாங்கினார்கள். இரண்டாம் நாள் இறந்துவிட்டது. ரிப்போர்ட் கேட்டால் “பூனைதான் போயிடுச்சே, எதுக்கு” என்கிறார்கள். நாங்கள் தாமதமாகக் கொண்டுபோனோமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.
— வாசகி, ஆரியங்காவு

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வேறு வேலை ஓடவில்லை. நீங்கள் கொண்டுபோனீர்கள், கேட்ட பணத்தைக் கட்டினீர்கள். பூனை நோயை மறைத்து வைத்துக்கொள்கிற பிராணி. பசி போன பிறகுதான் பல வீடுகளில் தெரியவே வருகிறது. உங்களைக் குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ரிப்போர்ட்டுக்குத்தான் பணம் வாங்கினார்கள், அது உங்களுடையது. கேஸ் ஷீட், ஸ்கேன், இரத்தப் பரிசோதனை முடிவு மூன்றையும் கேட்டு, சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள். 15 நாள் கெடு கொடுங்கள். தராவிட்டால் உங்கள் மாவட்டமான கொல்லத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கடிதத்தை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், படித்துத் திருத்தித் தருகிறேன்.